தனியார் மண் அணை: கரையைக் கவனிப்பதும் காப்பதும்

ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஒரு ஹெக்டேர் பரப்பில் சராசரியாக 2 மீட்டர் ஆழம் தேங்கினால் 20,000 டன். அவ்வளவையும் பிடித்து நிறுத்தியிருப்பது சிமென்ட்டும் கம்பியும் இல்லை, இறுக்கிப் போட்ட மண். கரை 4 மீட்டர்தானே, சின்ன அணைதானே என்ற நினைப்பு அணைக்குச் சொந்தக்காரருக்கு வரக் கூடாது. கீழே ஒரு வீடோ, ஆட்கள் நடமாடும் ஒரு சாலையோ இருந்தால் அது சின்ன அணை இல்லை.

மண் கரையைத் தண்ணீர் மூன்று விதமாக வீழ்த்தும். கரைக்கு மேலே வழிந்து வெளிச்சரிவை அறுக்கும். கரைக்குள்ளோ அடியிலோ புகுந்து மண்ணைத் துளித்துளியாக இழுத்துக்கொண்டு போய் உள்ளே குழாய் போல வழி உண்டாக்கும். அல்லது கரையை ஊறவைத்து ஒரு பக்கமாகச் சரியவிடும். உடைந்த மண் அணைகளில் மிகப் பெரும்பாலானவை முதல் இரண்டு வகையில் உடைந்தவைதான். மூன்றுமே முன்கூட்டி அடையாளம் காட்டுகிறவை. அந்த அடையாளத்தைப் பார்க்க ஆள் நடக்க வேண்டும், பார்த்ததை எழுதி வைக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்று மனதில் பதிய வேண்டும்: எந்த மண் கரையும் கொஞ்சம் கசியும். கசிவை அடைப்பது பராமரிப்பு ஆகாது. தண்ணீர் போகலாம், அதோடு மண் போகக் கூடாது. நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கரையைக் கெடுத்த இடங்களில் எல்லாம் மறந்துபோனது இந்த ஒன்றுதான்.

முதலில் அளவுகள்

உங்கள் அணையின் அளவுகளை ஒரே தாளில் எழுதி வையுங்கள்: கரையின் அதிகபட்ச உயரம், உச்சியின் அகலம், இரு சரிவுகள், கலிங்கின் (அணை நிரம்பியதும் மிச்ச நீர் வழிந்து வெளியேறும் வழி) அகலம், கலிங்குத் தளத்திலிருந்து கரை உச்சி எவ்வளவு மேலே இருக்கிறது, வெளியேற்றும் குழாயின் விட்டம், அது எதனால் ஆனது, எந்த ஆண்டு போட்டது. உச்சி அகலத்துக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. உயரத்தை 5-ஆல் வகுத்து 3 மீட்டரைக் கூட்டுங்கள். 5 மீட்டர் உயரக் கரைக்கு 4 மீட்டர் வரும். நீர்ப்பக்கச் சரிவு 3-க்கு 1 (3 மீட்டர் கிடையாக வந்தால் 1 மீட்டர் உயரம்), வெளிச்சரிவு இரண்டரைக்கு 1 என்பவை சிறு அணைகளுக்குப் பாதுகாப்பான அளவுகள். உங்கள் கரை இதைவிடச் செங்குத்தாக இருந்தால் உடனே ஆபத்து என்று பொருள் இல்லை. ஆனால் சரிவு விஷயத்தில் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும்.

இவற்றில் அதிகம் ஏமாற்றுவது உச்சியின் மட்டம். நன்றாக இறுக்கிய கரைகூட உயரத்தில் 5 சதவீதம் வரை அமுங்கும். புல்டோசரை மட்டும் ஓட்டி மிதித்துப் போட்ட கரை 10 சதவீதம் வரை போகும். 5 மீட்டர் கரைக்கு இது 25 முதல் 50 செ.மீ. அமுங்குவதோ ஓரங்களில் இல்லை. உயரம் அதிகமான நடுப்பகுதியில், பழைய ஓடை போன இடத்துக்கு நேர் மேலே. வெள்ளம் வழியத் தொடங்குவதும் அங்கேதான். அதனால்தான் கட்டும்போதே நடுவில் கொஞ்சம் மேடாக விடுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ட்யூப் லெவலை (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து ஒவ்வொரு 10 மீட்டருக்கும் உச்சி மட்டத்தைக் கலிங்குத் தளத்தோடு ஒப்பிட்டு அளந்துவிடுங்கள். கரையின் உயரம் என்று நீங்கள் நம்ப வேண்டியது மிகத் தாழ்ந்த அந்த ஒரு புள்ளியின் உயரத்தை மட்டுமே.

தாழ்ந்த இடத்தை நிரப்பும்போது புல்லைச் செதுக்கி எடுத்து, பழைய மண்ணை 5 செ.மீ. கிளறி, லேசாக நனைத்து, புது மண்ணை 15 செ.மீ. படிவமாகப் போட்டுத் திமிசால் இறுக்க வேண்டும். புல்லின் மேலேயே மண் கொட்டினால் அந்தப் புல் மட்கி, கரைக்குக் குறுக்கே தண்ணீருக்கு ஒரு பாதை ஆகும். உச்சி நீர்ப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கட்டும். மழைநீர் வெளிச்சரிவில் ஓடி வாய்க்கால் வெட்டாது.

கலிங்கு: மண் அணையின் உயிர்

கலிங்கைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் கண் இங்கே தப்பாகச் சொல்லும். தட்டையான கலிங்கு வழியே வினாடிக்கு எத்தனை கன மீட்டர் போகும் என்பதற்கு: 1.7 × அகலம் × (நீரின் உயரம்)^1.5. உயரம் என்பது கலிங்குத் தளத்துக்கு மேலே அணையில் நிற்கும் நீரின் உயரம், மீட்டரில்.

20 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு, ஒரு மணிக்கு 100 மி.மீ. மழை, அதில் பாதி ஓடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்குச் சுமார் 2.8 கன மீட்டர் வரும். 6 மீட்டர் அகலக் கலிங்கில் இது போக நீர் 42 செ.மீ. உயர வேண்டும். தளத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே 1 மீட்டர் இருந்தால் 58 செ.மீ. மிச்சம். இது தாங்கும்.

இப்போது, கூடுதல் தண்ணீர் பிடிக்கலாம் என்று கலிங்கில் 30 செ.மீ.-க்கு மணல் மூட்டை அடுக்கிவிட்டால் மிச்சம் 28 செ.மீ. காற்றோடு வரும் அலை இதைத் தின்றுவிடும். மூட்டை இல்லை, ஆனால் மீன் போகாமல் இருக்க வலை கட்டி, அதில் சருகும் கிளையும் சேர்ந்து பாதி அகலம் அடைத்துவிட்டது என்றால், அதே வெள்ளம் 67 செ.மீ. உயரும். இரண்டும் சேர்ந்தால் 97 செ.மீ. கரை வழிய 3 செ.மீ. பாக்கி. மழை அதேதான், கரை அதேதான்.

1889 மே 31 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்ததில் 2,200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது ஒரு தனியார் மீன்பிடிக் கழகத்தின் மண் அணை. வண்டி போக வசதியாக உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். கலிங்கில் மீன் தடுப்பு வலை இருந்தது. அடியிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய்கள் முன்பே கழற்றப்பட்டுத் திரும்பப் போடப்படவே இல்லை. இந்த மூன்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய காரியமாகத் தெரியாது. உங்கள் கரையில் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.

கலிங்கில் செய்ய வேண்டியவை எளிது. புல்லைத் தவிர வேறெதுவும் வளர விடாதீர்கள். மரக்கட்டை, வேலி, மீன்வலை, படகு எதுவும் அங்கே இருக்கக் கூடாது. மீன் போகக் கூடாதென்றால் வலையைக் கலிங்கு வாயில் கட்டாமல், வேறு வழி யோசியுங்கள். மீனை இழப்பது மேல். நீர் இறங்கும் கடைக்கோடியில்தான் அரிப்பு தொடங்கும்: முதலில் ஒரு சிறு படிக்கட்டு போலத் தெரியும், ஒவ்வொரு வெள்ளத்திலும் அது மேல்நோக்கி அணைப் பக்கமாக நகரும். அந்தப் படி கலிங்குத் தளத்தை எட்டினால் தேக்கம் முழுவதும் அந்த வழியே இறங்கிவிடும். படி அரை மீட்டருக்குள் இருக்கும்போதே சரளை மெத்தை போட்டு, அதன் மேல் தலையளவு கற்களைப் பதித்து நிறுத்துங்கள். கல்லை வெறும் மண்ணில் போட்டால் அடியில் மண் கழுவிப் போய்க் கல் தொங்கும்.

கலிங்கு வெட்டப்பட்டிருக்க வேண்டிய இடம் கரையின் ஓரத்து இயற்கை நிலம். போட்ட மண்ணின் மேல் கலிங்கு போகிறதென்றால் பொறியாளரைக் கூப்பிட்டாக வேண்டும்.

கசிவைப் பார்ப்பது, அளப்பது

தண்ணீர் வெளிவரும் இடங்கள் எல்லா அணையிலும் ஏறத்தாழ ஒன்றே: கரையின் அடிவாரம், கரை இயற்கை மேட்டோடு சேரும் இரு மூலைகள், குழாய் வெளிவரும் வாய். வறட்சியிலும் ஓரிடம் மட்டும் பச்சையாக இருக்கிறதா, கோரை முளைத்திருக்கிறதா, கால் புதைகிறதா என்று பாருங்கள். மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால்தான் மழை ஈரத்தையும் கசிவு ஈரத்தையும் பிரிக்க முடியும்.

ஓடும் கசிவை அளக்க வேண்டும். சிறிய ஒழுக்காக இருந்தால் ஒரு குழாய்த் துண்டு வைத்து வாளியில் பிடித்து நேரம் பார்க்கலாம். நிரந்தரமாக அளக்க, ஒரு தகட்டில் 90 பாகை ‘V’ வடிவ வெட்டு வெட்டி, ஓட்டத்துக்குக் குறுக்கே மட்டமாக நட்டுவிடுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் எத்தனை செ.மீ. நிற்கிறது என்பதைத் தகட்டுக்கு 30-40 செ.மீ. பின்னால் ஓர் அளவுகோலில் பாருங்கள். 3 செ.மீ. என்றால் வினாடிக்கு சுமார் 0.2 லிட்டர், 5 செ.மீ. என்றால் 0.8 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இருமடங்கானால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேல். கண் மதிப்பு இங்கேயும் ஏமாறும்.

அளவு எழுதும்போதெல்லாம் அணையின் நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நீர்மட்டம் உயர்ந்து கசிவும் உயர்ந்தால் இயல்பு. நீர்மட்டம் அதேதான், கசிவு மட்டும் மாதத்துக்கு மாதம் கூடுகிறது என்றால் உள்ளே வழி பெரிதாகிறது. கசிவு திடீரென்று குறைந்ததும் நல்ல செய்தி இல்லை: வடிகால் அடைத்து, தண்ணீர் உள்ளே தேங்கிக் கரையை ஊறவைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது வேறு இடத்தில் புதுவழி கண்டிருக்கலாம். உடனே அடிவாரம் முழுக்க நடந்து பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தெளிவு. கண்ணாடிப் புட்டியில் கசிவுநீரைப் பிடித்து, தேதி ஒட்டி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளே அரிபடுகிறது. கலங்கலாக ஓடும் கசிவு நாளைக்குப் பார்க்கும் வேலை இல்லை. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில், முதல்முறை நிரம்பிக்கொண்டிருந்த 93 மீட்டர் உயர டீட்டன் அணையில் காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது. நண்பகலுக்குள் அணை இல்லை. அவ்வளவு பெரிய கரைக்கே ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது.

இனி, பலர் செய்யும் தவறு. வெளிப்பக்கத்தில் தண்ணீர் வரும் இடத்தில் களிமண்ணையோ சிமென்ட்டையோ அடைப்பார்கள். ஒழுக்கு நிற்கும், மனம் நிம்மதியாகும். ஆனால் அழுத்தம் அப்படியே பின்னால் ஏறி, கரைக்குள் நீர்மட்டம் உயர்ந்து, சில வாரத்தில் இன்னும் மேலே வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு வரும், அல்லது சரிவே பெயரும். அடைக்க வேண்டிய இடம் நீர்ப்பக்கம். வெளிப்பக்கத்தில் செய்ய வேண்டியது வடிகட்டுவது.

வடிகட்டி போடுவது இப்படி. ஈரமான இடத்தில் புல்லையும் சேற்றையும் மெதுவாக எடுங்கள், ஆழமாகத் தோண்ட வேண்டாம். முதலில் சுத்தமான பருமணலை 15 முதல் 30 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். அந்த மணலைக் கையில் பிடித்து நனைத்துப் பிழிந்தால் உருண்டை நிற்கக் கூடாது, கையில் மண் கறை ஒட்டக் கூடாது. அதுதான் சுத்தத்துக்கு அடையாளம். மணலுக்கு மேல் அதே கனத்தில் சிறு ஜல்லி, அதற்கு மேல் எடைக்காகக் கல். ஈரம் தெரியும் எல்லையைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது பரப்புங்கள். மணலை விட்டுவிட்டு நேரே கல்லைக் கொட்டினால் கல் இடுக்கு வழியே கரை மண் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும், அது கண்ணிலும் படாது. அடிவாரத்துக்குப் பக்கத்தில் குட்டையோ கிணறோ தோண்டுவதும் இதே காரணத்தால் ஆபத்து: நீரின் பாதையைச் சுருக்கி, அடியை அழுத்தி வைத்திருக்கும் எடையையும் எடுத்துவிடுகிறீர்கள்.

குழாய்

சிறு அணைகளில் உள்ளரிப்பு அதிகம் தொடங்கும் இடம் கரைக்குள் போகும் குழாயின் வெளிப்புறம். வட்டமான குழாயின் அடிவயிற்றில் மண்ணை இறுக்குவது கடினம். அங்கே ஓர் இடுக்கு நிற்கும், தண்ணீர் அதைக் கண்டுபிடிக்கும். முன்பெல்லாம் குழாயைச் சுற்றிக் காங்கிரீட் பட்டைகள் போடுவார்கள். பட்டையை ஒட்டியும் மண் இறுகுவதில்லை என்று கண்டபின், வெளிப்பாதியில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டிச் சுவர் போடுவதே இப்போது நல்ல முறை. குழாயை மாற்றும்போது இதைக் கேட்டுச் செய்யுங்கள்.

வால்வு நீர்ப்பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் வால்வு இருந்தால் கரைக்குள் கிடக்கும் குழாய் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும். அதில் ஊசித்துளை விழுந்தால் நீர் நேரே கரை மண்ணுக்குள் பீய்ச்சும். நெளிதகட்டுக் குழாய்கள் பெரும்பாலும் 25 முதல் 40 ஆண்டில் துருப்பிடித்து ஓட்டையாகும். உங்களுடையது அந்த வயதை நெருங்கினால் மாற்றும் செலவுக்கு இப்போதே ஒதுக்குங்கள்.

வால்வை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுக்கத் திறந்து மூடுங்கள். கீழே ஓடையில் ஆளோ ஆடுமாடோ இல்லை என்று பார்த்துவிட்டு, மெதுவாக. திறக்க வராத வால்வு இருப்பதும் இல்லாததும் ஒன்று. அது தெரியவருவது வெள்ள இரவாக இருக்கக் கூடாது. குழாய் வாயில் நீர் ஓடும்போது சருகுத் தடுப்பைக் கையால் சுத்தம் செய்யாதீர்கள். உறிஞ்சும் விசை ஆளைக் கம்பியோடு அழுத்திப் பிடித்துவிடும், விடுவித்துக்கொள்ள முடியாது. பழைய குழாய்க்குள்ளும் வால்வுக் கிணற்றுக்குள்ளும் தனியாக இறங்கவே கூடாது: பிராணவாயு குறைந்திருக்கும், நச்சு வாயு தேங்கியிருக்கும். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் கேமராவைத் தள்ளிப் பாருங்கள்.

மரமும் வளையும்

கரையில் புல் மட்டும்தான். 10-15 செ.மீ. உயரத்தில் அடர்ந்து, வேர் விரித்து, மண்ணைப் பிடித்திருக்கும் புல். அதற்கு மேல் வளர்ந்தால் விரிசலும் வளையும் கண்ணுக்குத் தெரியாது. புல் வெட்டுவது அழகுக்காக என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது கரையைப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக.

மரத்தின் நிழலும் அழகும் கரையில் வேண்டாம். காற்றில் சாயும் மரம் வேரோடு ஒரு பள்ளத்தை எடுத்துக்கொண்டு போகும். வெட்டிவிட்டாலோ, வேர் சில ஆண்டுகளில் மட்கி அந்த இடம் வெற்றுக் குழாயாகும். இதனால்தான் மரம் வெட்டி ஆண்டுகள் கழித்துக் கசிவு தொடங்குகிறது, யாரும் காரணத்தை இணைத்துப் பார்ப்பதில்லை. கரையிலும் அடிவாரத்திலிருந்து 7-8 மீட்டர் வரையிலும் மரம் வைக்காதீர்கள். கை பிடிக்கும் அளவுள்ள கன்றுகளை இப்போதே பிடுங்குங்கள். அடிமரம் 20 செ.மீ.-க்கு மேல் தடித்துவிட்டால் கட்டையையும், விரல் தடிமன் வேர்களையும் தோண்டி எடுத்து, குழியின் ஓரங்களைச் சரிவாக்கி, படிவம் படிவமாக இறுக்கி நிரப்ப வேண்டும். இந்த வேலையை நீர்மட்டத்தைத் தாழ்த்திய பிறகு செய்யுங்கள். வெளிச்சரிவின் கீழ்ப்பகுதியில் பெரிய மரம் இருந்தால் பொறியாளர் பார்க்காமல் தொட வேண்டாம். அதன் வேர் ஊறிய மண்ணுக்குள் போயிருக்கும்.

எலி, நண்டு, நரி, கரையான் எல்லாம் கரைக்குள் வீடு கட்டும். வளையின் வாயில் மட்டும் மண்ணைத் தள்ளி மூடுவதால் பயன் இல்லை. ஆழம் குறைவானால் முழுவதும் தோண்டி இறுக்கி நிரப்புங்கள். ஆழமானால் 9 பங்கு மண், 1 பங்கு சிமென்ட் கலந்து, கூழ் போலக் கரைத்து, வளை வாயில் ஒரு குழாயைச் செங்குத்தாக நட்டு, சுற்றிலும் மண் அணைத்து, அதன் வழியே ஊற்றுங்கள். குழாயில் நிற்கும் கூழின் எடையே அதை உள்ளே தள்ளும். மட்டம் இறங்காமல் நிற்கும்வரை ஊற்ற வேண்டும்.

ஆடுமாடு ஒரே தடத்தில் இறங்கும் இடம் வாய்க்காலாகும். வேலி போடுங்கள், அல்லது தண்ணீர் குடிக்கக் கரைக்கு அப்பால் வழி செய்யுங்கள். நீர்ப்பக்கத்தில் அலை அறுத்த இடம் ஒரு சிறு சுவர் போல நிற்கும். அதற்குச் சரளை 15 செ.மீ., மேலே கல் 30 செ.மீ. பதித்தால் போதும்.

விரிசல்: எந்தப் பக்கம் ஓடுகிறது?

கோடையில் உச்சியில் வலை போலப் பரவும் மெல்லிய வெடிப்பு மண் காய்வதால் வருவது. ஈரம் பட்டால் மூடிக்கொள்ளும், பெரும்பாலும் பயமில்லை. கரைக்குக் குறுக்கே, நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடும் விரிசல் வேறு ரகம். கரையின் ஒரு பகுதி இன்னொன்றைவிட அதிகம் அமுங்கியதன் அடையாளம் அது. நீர் அந்த மட்டத்தை எட்டினால் அதுவே வாய்க்கால். கரைக்கு நெடுக்காக ஓடி, இரு முனையும் வில் போல வளைந்து, ஒரு பக்கம் மட்டம் இறங்கியிருந்தால் சரிவு பெயரத் தொடங்கிவிட்டது. அதோடு அடிவாரத்தில் மண் உப்பியிருந்தால் சந்தேகமே இல்லை.

பார்த்தவுடன் இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியை மி.மீ. கணக்கில் அளந்து எழுதுங்கள், தினமும். மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். மழைநீர் உள்ளே போகாமல் பிளாஸ்டிக் தாள் விரித்து மூடுங்கள். குறுக்கு விரிசலையும் சறுக்கலையும் பொறியாளரிடம் காட்டும்வரை நீர்மட்டத்தைத் தாழ்த்தியே வையுங்கள். ஆழம் குறைந்த, வளராத விரிசலை மட்டும் நீங்களே சரிசெய்யலாம்: விரிசலின் அடிக்கும் முனைகளுக்கும் அப்பால் 30 செ.மீ. வரை பள்ளம் எடுத்து, இறுக்கி நிரப்புங்கள்.

நிரப்பும் மண்ணைச் சோதித்துவிட்டுப் போடுங்கள். ஈரப்பதம் சரிதானா என்று பார்க்க உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் தடிமனுக்கு உடையாமல் வந்தால் சரி. பொடிந்தால் ஈரம் போதாது, கையில் அப்பினால் ஈரம் அதிகம். அடுத்தது இன்னும் அவசியம்: பட்டாணி அளவு மண் கட்டியை ஒரு கண்ணாடி டம்ளர் மழைநீரில் மெல்லப் போட்டு, ஆட்டாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்து கிடந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் அது நீரில் தானே கரையும் களிமண். மெல்லிய கசிவிலேயே சுரங்கம் விழும். அந்த மண்ணை அப்படியே கரையில் போடாதீர்கள். உங்கள் கரையே அந்த மண்ணால் ஆனது என்று தெரிந்தால் ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு கலக்கும் அளவை மண் பரிசோதனை செய்து தீர்மானிக்க வேண்டும்.

நடை

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற காலத்தில் மாதம் ஒருமுறை, பெருமழைக்கும் நில அதிர்வுக்கும் பிறகு உடனே. உச்சியில் ஒரு போக்கு, வெளிச்சரிவில் வளைந்து வளைந்து ஒரு போக்கு, அடிவாரம் முழுக்க, இரு மூலைகள், குழாய் வாய், கலிங்கு. நீர்ப்பக்கத்தையும் விடாதீர்கள். நீரில் சுழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இடங்களில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுத்தால் ஆறு மாதத்து மாற்றம் தெளிவாகத் தெரியும். நோட்டில் தேதி, நீர்மட்டம், மழை, கசிவு, புதிதாகக் கண்டது. ‘ஒன்றுமில்லை’ என்றாலும் எழுதுங்கள். எப்போது ஒன்றுமில்லை என்பது பிறகு பொறியாளருக்குப் பெரிய தகவல்.

நோட்டு இன்னொரு வகையிலும் உதவும். இங்கிலாந்தில் ஓர் ஆலைக்காகக் கட்டிய தேக்கத்து நீர் 1860-இல் பழைய சுரங்கக் குழிகள் வழியே அடுத்தவர் சுரங்கத்துக்குள் புகுந்தது. தேக்கியவர் கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று 1868-இல் அந்நாட்டின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பல நாடுகளின் சட்டங்களில் அந்தத் தீர்ப்பின் நிழல் இன்னும் உண்டு. உங்கள் இடத்துச் சட்டம் எந்த உயரத்துக்கு, எவ்வளவு கொள்ளளவுக்கு மேல் பதிவும் ஆய்வும் கேட்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

ஆபத்து வந்தால்

வெள்ளத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை: கீழே குடியிருக்கும் ஒவ்வொருவரின் தொலைபேசி எண், உள்ளூர் அவசரப் பிரிவின் எண், பொறியாளரின் எண், வால்வுச் சாவி இருக்கும் இடம், எல்லாம் ஒரே அட்டையில், இரண்டு பிரதிகளாக. கரைக்குப் பக்கத்தில், ஆனால் கரையின் மேல் இல்லாமல், நூறு இருநூறு வெற்று மூட்டைகள், ஒரு லாரி மணல், ஒரு லாரி ஜல்லி, பிளாஸ்டிக் தாள், விளக்கு.

கலங்கல் கசிவு, நீரில் சுழி, வேகமாக வளரும் சறுக்கல், கரை உச்சியை நெருங்கும் நீர். இவற்றில் ஒன்றைக் கண்டால் முதல் வேலை கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது. மண்வெட்டியை எடுப்பது அதற்குப் பிறகு. தப்பாக எழுப்பிவிட்டோமே என்ற சங்கடம் ஒன்றும் இல்லை, இரவு இரண்டு மணியானாலும் எழுப்புங்கள்.

அடுத்து வால்வைத் திறந்து நீரை இறக்குங்கள். சாதாரண நாட்களில் ஒரு நாளைக்கு 15 முதல் 30 செ.மீ.-க்கு மேல் இறக்கக் கூடாது. நீர் சட்டென்று விலகினால், உள்ளே ஊறி நிற்கும் மண்ணைத் தாங்க ஆளில்லாமல் நீர்ப்பக்கச் சரிவு பெயரும். உடையும் நிலையில் இந்த வரம்பைப் பார்க்க முடியாது; வேகமாகவே இறக்க வேண்டும். வால்வு இல்லையென்றால் சைஃபன்: நீர் நிரப்பிய குழாயைக் கரைக்கு மேலே போட்டு, மறுபக்கம் தாழ்ந்த இடத்துக்கு நீரைத் தானாக இறங்கவைப்பது. 150 மி.மீ. குழாய், 30 மீட்டர் நீளம், அணையின் நீர்மட்டத்துக்கும் குழாயின் வெளிவாய்க்கும் 4 மீட்டர் வித்தியாசம் என்றால் வினாடிக்கு 50 லிட்டர் போகும். ஒரு ஹெக்டேர் தேக்கத்தில் 30 செ.மீ. இறக்கச் சுமார் 17 மணி நேரம். வேகமாக வேண்டுமென்றால் இரண்டு மூன்று குழாய் போட வேண்டும். குழாயின் மேடு நீர்மட்டத்துக்கு 6 மீட்டருக்கு மேல் போனால் சைஃபன் அறுந்துவிடும். வெளியேறும் நீர் கரை அடிவாரத்தில் விழாமல் தள்ளிக் கொண்டுபோங்கள்.

அடிவாரத்தில் மண்ணைக் கக்கிக்கொண்டு நீர் கொப்பளித்தால், அந்தக் கொப்புளத்தைச் சுற்றி மூட்டைகளை வட்டமாக அடுக்கி நீரை உள்ளே உயர விடுங்கள். கலங்கல் தெளிந்து ஓடும் உயரத்தில் நிறுத்துங்கள். முழுதாக அடக்க முயலாதீர்கள், பக்கத்தில் பீறிடும். நீர்ப்பக்கம் சுழி தெரிந்தால் அதில் வைக்கோல் கட்டு, கல், சரளை, தாள் எது கிடைத்தாலும் போடுங்கள். ஆனால் இடுப்பில் கயிறு இல்லாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. கரை உச்சியில் தாழ்ந்த இடத்துக்கு மட்டும் மூட்டை அடுக்குங்கள். நீர் வழியத் தொடங்கிய கரையில் ஆள் நிற்கக் கூடாது. என்ன ஆனாலும், நீர் வெளியேறட்டும் என்று கரையை வெட்டாதீர்கள். போட்ட மண்ணில் வெட்டிய வாய்க்கால் அகன்றுகொண்டேதான் போகும், உங்களால் நிறுத்த முடியாது. வெட்டியே ஆக வேண்டுமானால் இயற்கை நிலத்தில், கலிங்கை ஒட்டி அகலப்படுத்துங்கள்.

ஆபத்து நீங்கியபின் காரணம் தெரியாமல் அணையை நிரப்ப வேண்டாம். மண் அணைக்கு மிக ஆபத்தான காலம் முதல்முறை நிரம்பும் காலம். பெரிய பழுதுபார்ப்புக்குப் பின் நிரப்புவதும் முதல்முறை நிரப்புவதே. நாளுக்கு 30 செ.மீ.-க்கு மேல் ஏற விடாமல், மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரு பங்கு என இரண்டு இடங்களில் ஒரு வாரம் நிறுத்தி, தினமும் அடிவாரம் நடந்து, புட்டியில் கசிவைப் பிடித்து, மறுநாள் காலை அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த 30 செ.மீ.-க்கு வால்வை மூடுங்கள்.